பழைய கலமும் புதிய தட்டும்



ஒரு வீட்டுக்குக் கூரை எத்தகையதோ, ஒரு மரக்கலத்துக்கு அதன் மேற்றட்டு அத்தகையது. கூரை ஒழுகினால் சுவர் நனையும். சுவர் நனைந்தால் அத்திவாரம் இளகும். இவ்வுண்மையை வீட்டைப் பொறுத்தவரையில் நாம் அனைவரும் அறிவோம். ஆனால் கலத்தைப் பற்றி நினைக்கும்போது நம் எண்ணம் முழுவதும் அதன் கீழ்ப்பக்கத்தையே நாடுகின்றது. கடல்நீர் எங்கே புகுந்துவிடுமோ என்று அஞ்சுகின்றோம். மரக்கலம் செய்வோரைக் கேட்டால் அவர்கள் வேறு விதமாகவே கூறுவர். பழைய மீன்பிடிக் கலங்களுட் பலவற்றை அழித்தது கீழேயுள்ள உப்பு நீரன்று. மேலிருந்து விழுந்த மழைநீரே என்பர். இக்கூற்று எவ்வாறு உண்மையாகின்றது என்பதையும், உக்கிப்போன தட்டு ஒன்றை எவ்வாறு மீளக் கட்டுகின்றனர் என்பதையும் இன்று உங்களுக்கு எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

மரம் தானாக உக்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சண வித்துக்கள் காற்றிலே எங்கும் பரந்துள்ளன. அவை மரத்தில் வேரூன்றி வளர்வதற்கு நான்கு பொருள்கள் வேண்டும்: உண்பதற்கு மரம், ஓரளவு வெப்பம், காற்று, ஈரம். இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் பூஞ்சணம் வளராது. நன்றாக உலர்ந்து, நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைந்த ஈரத்தோடு இருக்கும் மரம் உக்குவதில்லை. முற்றாக நீருள் மூழ்கிக் கிடக்கும் மரத்துக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. ஆதலால் அதுவும் எளிதில் உக்குவதில்லை. நனைவதும் அரைகுறையாக உலர்வதுமாக இருக்கும் மரமே பூஞ்சணத்துக்கு ஏற்ற உணவாகும். மேற்றட்டின் நிலை அதுதான்.

கடல்நீரில் உள்ள உப்புப் பூஞ்சணத்தை வளரவிடாது தடுக்கின்றது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு ஒன்று உண்டென்பது மெய்யே. ஆயினும் அதனைத் தடுக்கப் பூச்சுக்களும் உலோகத் தகடுகளும் உள்ளன. மழைநீரில் உப்பில்லை. அது தட்டுப் பலகைகளின் இடுக்குகளிலும், ஆணித் துளைகளிலும், மரமும் மரமும் பொருந்தும் மூலைகளிலும் புகுந்து, வெயில் எட்டாத இடங்களிலே தங்கிவிடுகின்றது. மீன்பிடிக் கலத்துக்கு மற்றுமோர் இடர் உண்டு. மீனைக் காக்க ஏற்றும் பனிக்கட்டி உருகினாற் பிறப்பதும் உப்பற்ற நீரே. மீன் அறையின் குளிர்ச்சியினால் அதன் முகட்டிலே நீர்த்துளிகள் படிகின்றன. எனவே தட்டைத் தாங்கும் விட்டங்கள் மேலிருந்து மழையாலும், கீழிருந்து குளிர்நீராலும் நனைகின்றன. வட அமெரிக்காவின் கீழ்க்கரையிலே முற்காலத்தில் மீன்பிடிக் கப்பல் கட்டியோர், கலத்தின் விலா மரங்களுக்கிடையே கல்லுப்பைக் கொட்டி நிரப்பி வைத்தனர். மழைநீர் கசிந்தாலும் அது உப்புநீராகிக் கீழிறங்கட்டும் என்பதே அவர்கள் கருத்து. பூஞ்சணத்தின் இயல்பை நூல்கள் விளக்குமுன்னரே கைத்தொழிலாளர் அதற்கு மருந்து கண்டிருந்தனர்.

இனி, மேற்றட்டு என்பது யாதென்று பார்ப்போம். கலத்தின் அடியிலே நெடுக ஓடுவது ஏரா. ஏராவிலிருந்து இருபுறமும் விலா எலும்புகள் போல எழுவன வங்குகள். வங்குகளின் மேல்நுனிகளை உட்புறமாக இணைத்து, முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை ஒரு தடித்த மரம் செல்லும். அம்மரத்தின்மேல் இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்கு விட்டங்கள் கிடக்கும். விட்டங்களின்மேல் நெடுக்காகப் பலகைகள் பரப்பப்படும். பலகைகள் சென்று முடியும் விளிம்பிலே, வங்குகளை ஒட்டி, அகன்ற ஓரப்பலகை ஒன்று கலத்தைச் சுற்றிவரும்.

இத்தட்டு மூன்று பணிகளைச் செய்கின்றது. மழையையும் அலையையும் உள்ளே விடாத கூரை அது. மீனவர் நின்று வலையிழுக்கும் தரையும் அதுவே. மூன்றாவது பணியே பெரிது. இருபக்கச் சுவர்களும் விலகிப் போகாமலும், உள்நோக்கி நெருங்காமலும் பிடித்து வைக்கும் கட்டு அது. மூடியில்லாத அட்டைப் பெட்டி ஒன்றைக் கையிலே பிடித்து முறுக்கினால் அது எளிதில் வளையும். மூடியை ஒட்டிவிட்டால் வளையாது. தட்டு உக்கிய கலமும் மூடியிழந்த பெட்டியே. அலை அதனை முறுக்கும்போது பக்கப் பலகைகளின் இடுக்குகள் திறந்துகொள்ளும். அப்பொழுதுதான் கடல்நீர் உள்ளே வருகின்றது. கீழே ஒழுகும் கலத்தின் நோய் பலவேளைகளில் மேலே தொடங்கியதாக இருப்பது இதனாலேயே.

இவ்வுண்மைகளை எல்லாம் எண்ணிப் பார்ப்பதற்கு அமெரிக்காவின் மேற்குக்கரையிலே புத்துயிர் பெற்ற ஒரு மீன்பிடிக் கலத்தின் வரலாறு துணை செய்யும். அதன் பெயர் ‘வெஸ்ரேண் ஃபிளையர்’. வாசிங்டன் மாநிலத்துத் தக்கோமா நகரிலே 1937ஆம் ஆண்டு கட்டப்பட்டது. நீளம் ஏறக்குறைய 77 அடி. சுருக்கு வலையால் சாளை மீன் பிடிப்பதற்கென அமைந்த கலம் அது. முன்பாதியில் சுக்கான் அறையும் உறங்கும் அறைகளும். பின்பாதியில் நனைந்த வலையின் பாரத்தைத் தாங்குவதற்கேற்ற அகன்ற திறந்த தட்டு.

கலிபோர்ணியாவின் மொன்றரேத் துறையிலே சாளை பிடித்துக்கொண்டிருந்த இக்கலத்தை, 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக்கும் அவருடைய நண்பரான உயிரியல் அறிஞர் எட் றிக்கெற்சும் வாடகைக்கு அமர்த்தினர். ஏறக்குறைய ஆறு வாரங்கள் கலிபோர்ணியா வளைகுடாவிலே கரையோரம் கரையோரமாகச் சென்று, வற்றுக்காலத்தில் வெளிப்படும் கடலுயிர்களைத் திரட்டினர். அப்பயணத்தைப் பற்றிய நூல் 1941இல் வெளிவந்தது. றிக்கெற்சு 1948இல் புகைவண்டி மோதி இறந்தார். ஸ்ரைன்பெக் 1962இல் நோபெல் பரிசு பெற்றார். நூலின் வாயிலாகக் கலத்தின் பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் கலம் தன் புகழை அறியாது உழைத்துக்கொண்டிருந்தது. மொன்றரேயில் சாளை அருகிப்போகவே, அது வடக்கே சென்று வேறு மீன் பிடித்தது. அலாஸ்காக் கடலிலும் தொழில் செய்தது. ‘ஜெமினி’ என்று பெயரும் மாறியது. முதுமை வந்தது. வாசிங்டன் மாநிலத்துக் கால்வாய் ஒன்றிலே கட்டிக் கிடந்தபடியே 2012இல் ஒரு முறையும் 2013இல் மற்றொரு முறையும் மூழ்கியது. பல மாதங்கள் நீரடியிலே கிடந்த பின்னர் சேறும் சிப்பியுமாக வெளியே எடுக்கப்பட்டது.

அந்நிலையில் அதனை யாது செய்வது? ஸ்ரைன்பெக் பிறந்த ஊராகிய சலினாசிலே ஒரு விடுதிக்குள்ளே அதனைக் காட்சிப்பொருளாக வைக்கலாம் என்ற எண்ணம் ஒன்று முன்னர் இருந்தது. அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 2015ஆம் ஆண்டில் அதனை வாங்கியவர்கள், அது மீண்டும் கடலிலே செல்ல வேண்டும், மாணவர்களை ஏற்றிச்சென்று கடலைப் பற்றிக் கற்பிக்க வேண்டும் என்று துணிந்தனர். இவ்விரண்டு கருத்துக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. காட்சிக்கு வைக்கும் கலத்துக்கு உக்கிய மரத்தின்மேல் வண்ணம் பூசினாலும் போதும். கடலுக்குச் செல்லும் கலத்துக்கு அது போதாது. மரம் மரமாகவே இருத்தல் வேண்டும். போட் ரவுன்சென்ட் என்னும் துறையிலுள்ள மரக்கலத் தொழிலாளர் கூட்டுறவினர் அப்பணியை ஏற்றனர். 2022இல் கலம் நீரிலே இறங்கியது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் தான் ஒருகாலத்தில் உழைத்த மொன்றரேத் துறைக்கு மீண்டும் வந்து சேர்ந்தது.

இத்தகைய ஒரு கலத்தின் தட்டை மீளக் கட்டும் முறையை இனிப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவது வேலை நோயை அறிதல். தொழிலாளி ஒரு சிறு சுத்தியலையும் கூரிய ஊசியையும் எடுத்துக்கொண்டு தட்டு முழுவதையும் தட்டிப் பார்க்கின்றான். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். மேலே வண்ணம் பளபளப்பாக இருக்க, உள்ளே விரல் புகுமளவுக்கு மரம் பஞ்சாகியிருப்பதுண்டு. மீன் அறை வாயின் நான்கு மூலைகள், பாய்மரமோ தூணோ தட்டைத் துளைத்துச் செல்லும் இடங்கள், அறைச்சுவர் தட்டோடு பொருந்தும் அடிவரி, ஓரப்பலகையின் கீழ்ப்பக்கம் ஆகியவற்றையே முதலிற் சோதிப்பர். நீர் வடிந்து ஓடும் இடம் உக்குவதில்லை. நீர் நின்று யோசிக்கும் இடமே உக்குகின்றது என்று கூறின் தவறாகாது.

இரண்டாவது வேலை கலத்தின் வடிவத்தைக் காத்தல். தட்டு ஒரு கட்டு என்று முன்னர்க் கூறினேன். அக்கட்டை அவிழ்க்குமுன் கலத்தின் இருபக்கங்களையும் வெளியே முட்டுக் கொடுத்தும், உள்ளே குறுக்குச் சட்டம் வைத்தும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அன்றேல் முதுமையடைந்த கலம் தன் பாரத்தாலேயே விரிந்துவிடும். பின்னர் எத்துணை நல்ல தட்டைப் போட்டாலும் அது கோணிய கலத்தின் தட்டாகவே இருக்கும். இக்காரணத்தினாலேயே விட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளிற் கழற்றுவதில்லை. ஒன்று விட்டு ஒன்றாக எடுத்து, புதியது பொருந்திய பின்னரே அடுத்ததைத் தொடுவர்.

மூன்றாவது, விட்டங்கள். விட்டம் நேரான மரமன்று. நடுவிலே சற்று உயர்ந்து இருபுறமும் தாழ்ந்து, வில்லைப் போல வளைந்திருக்கும். கலத்தின் அகலத்திலே ஓரடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் நடு உயர்ந்திருப்பது பொது வழக்கு. தட்டிலே விழும் நீர் ஓரங்களுக்கு வழிந்து, வடிகாற் கண்களின் வழியே கடலுக்குச் செல்ல இவ்வளைவே வழிசெய்கின்றது. உக்கிய விட்டத்தை எறிந்துவிடாது அதனை மாதிரியாக வைத்தே புதிய விட்டத்தை அறுக்கின்றனர். பழைய விட்டமும் தொய்ந்து வளைவை இழந்திருக்கக்கூடும். ஆதலால் நலமாக இருக்கும் அண்டை விட்டங்களோடு ஒப்பிட்டு அளவைத் திருத்துவர். விட்டத்தின் நுனிகளை மீன்வாலைப் போல விரிந்த வடிவிலே செதுக்கிப் பக்கமரத்திற் பதிப்பதுண்டு. அவ்வாறு பதித்தால், ஆணி துருப்பிடித்து அறுந்தாலும் பக்கங்கள் விலகமாட்டா.

ஆணியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பழைய கலங்களில் இரும்பாணிகளே மிகுதி. இரும்பு துருப்பிடிக்கும்போது ஆணி மட்டும் கெடுவதில்லை. அதனைச் சுற்றியுள்ள மரமும் கறுத்து மெலிகின்றது. பழைய துளையிலேயே புதிய ஆணியை அடித்தால் அது பிடிக்காது. துளையைத் துருவிச் சுத்தஞ் செய்து, மரமுளையால் அடைத்து, புதிய இடத்திலே துளையிட்டு, நாகம் பூசிய இரும்பாணியோ வெண்கல ஆணியோ இறுக்குவர்.

நான்காவது, பலகைகள். எந்த மரம் என்பதைப் போலவே, எவ்வாறு அறுத்த மரம் என்பதும் இங்கே முக்கியம். மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகையின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்குமாறு அறுத்த பலகையே தட்டுக்கு உகந்தது. அத்தகைய பலகை நனையும்போது அகலத்திற் குறைவாகவே விரியும். ஒரே சீராகத் தேயும். வெறுங்காலோடு நடப்போரின் காலிலே சிம்பு ஏற்றாது. அமெரிக்காவின் மேற்குக்கரையிலே டக்ளஸ் ஃபேர் எனப்படும் ஊசியிலை மரம் நெடிதாக வளர்ந்து, முடிச்சில்லாத நீண்ட பலகைகளைத் தருவதால், அங்கே கலங்களுக்கு அதனையே பெரிதும் பயன்படுத்தினர். பலகையை இறுக்கும் ஆணியின் தலையைச் சற்று ஆழமாகப் பதித்து, அதன்மேல் சிறு மரமூடி ஒன்றை அடிப்பர். அம்மூடியின் நார் பலகையின் நாரோடு ஒரே திசையில் ஓடவேண்டும். திசை மாறினால், ஈரத்திலே இரண்டும் வெவ்வேறு வகையாக விரிந்து மூடி தளரும். தளர்ந்த இடத்திலே நீர் புகும். ஒரு தட்டிலே இத்தகைய மூடிகள் பல நூறு இருக்கும். அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் உக்கல் அங்கே குடியேறிவிடும்.

ஐந்தாவது, கலப்பத்து. இச்சொல் நம் கடற்கரைகளிலே பழகிய சொல். போர்த்துக்கேயர் மொழியில் இதே தொழிலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. கடலோடிகளின் தொழிலைப் போலவே அவர்களின் சொற்களும் துறைக்குத் துறை சென்றன என்பதற்கு இது சான்று. பலகைகள் அடியிலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும், மேலே சற்று விலகியும் நிற்குமாறு அவற்றின் ஓரங்களைச் சீவுவர். பலகையின் கனம் ஓர் அங்குலமாயின் இடுக்கின் வாய் ஏறக்குறைய ஓர் அங்குலத்தின் பதினாறிலொரு பங்கு இருக்கும். அவ்விடுக்கிலே முதலிற் பஞ்சுத் திரியையும், அதன்மேல் கீலிலே தோய்த்த சணல் நாரையும் வைத்து, தட்டையான உளியாலும் மரச் சுத்தியலாலும் அடித்து இறக்குவர். கடைசியாக உருக்கிய கீலை ஊற்றி மூடுவர். பழைய கயிறுகளைப் பிரித்து நாராக்கும் இவ்வேலையை 19ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் சிறைக்கூடங்களிற் கைதிகளுக்குக் கொடுத்தனர் என்றால், அந்நாருக்கு இருந்த தேவையை உய்த்துணரலாம்.

கலப்பத்துக்காரனின் திறமை அவன் காதிலே உள்ளது. சுத்தியலின் ஒலி மாறும்போது நார் போதிய அளவு இறங்கிவிட்டது என்று அறிகின்றான். மிகக் குறைவாக அடித்தால் நீர் ஒழுகும். மிகுதியாக அடித்தால், ஆப்பு அடித்தாற்போலப் பலகைகளை அது ஒன்றையொன்று தள்ளி, ஆணிகளை வளைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைப் புத்தகத்தில் எழுதிவைக்க முடியாது. அதனை அறிந்தவனின் பக்கத்திலே அமர்ந்து, அடித்து, பிழைத்து, மீண்டும் அடித்தே கற்கவேண்டும்.

இத்துணை உழைப்பு எதற்கு, பழைய தட்டின்மேல் ஒட்டுப்பலகையைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடி நாரும் பிசினும் பூசிவிட்டால் ஒரு கிழமையில் வேலை முடியுமே என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. புதிய, நன்றாக உலர்ந்த, அசையாத பரப்பின்மேல் அப்பூச்சுப் பயன்தரும். ஆனால் உக்கத் தொடங்கிய தட்டின்மேல் அதனைப் பூசுவது, புண்ணைக் கழுவாமற் கட்டுக் கட்டுவதை ஒக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அடைபடுகின்றது. மரம் ஈரத்தில் விரிந்தும் வெயிலிற் சுருங்கியும் அசைய, அசையாத மேற்பூச்சு எங்கோ ஓரிடத்திற் பிளக்கின்றது. அப்பிளவினாற் புகுந்த மழைநீர் பின்னர் வெளியேறுவதே இல்லை. மேலே அழகிய தரை. கீழே நாளுக்கு நாள் மாவாகும் விட்டங்கள். செலவு குறைவென்று செய்த வேலை, கலத்தையே விலையாகக் கேட்கும்.

தட்டு முடிந்த பின்னரும் அதனைப் பேணும் கடமை முடிவதில்லை. காலையும் மாலையும் கடல்நீரால் தட்டைக் கழுவும் பழைய வழக்கம் அழுக்கை நீக்குவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. அவ்வீரம் பலகைகளைச் சுருங்கவிடாது இடுக்குகளை இறுக்கமாக வைத்திருக்கின்றது. உப்பும் மரத்திற் சேர்கின்றது. கலம் துறையிலே சும்மா கிடக்கும் நாட்களில் மழைக்குக் கூடாரமிட வேண்டும். ஆயினும் காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியிருக்க வேண்டும். உழைக்கும் கலத்தைக் காட்டிலும் கவனிப்பாரற்றுக் கட்டிக் கிடக்கும் கலமே விரைவில் அழிகின்றது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. விட்டம் புதிது, பலகை புதிது, ஆணியும் புதிது என்றால் அது பழைய கலம்தானா? ‘வெஸ்ரேண் ஃபிளையரின்’ உடற்பகுதியிலே பெரும்பங்கு புதிய மரமாக மாறியது. ஸ்ரைன்பெக்கும் றிக்கெற்சும் நடமாடிய மேலறைகளின் மரத்தையோ இயன்ற அளவு அப்படியே காப்பாற்றினர். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. கடலின் பாரத்தைத் தாங்கவேண்டிய மரம் வலிமையுள்ளதாக இருத்தல் வேண்டும். அங்கே பழமைக்கு இடமில்லை. நினைவைத் தாங்குகின்ற மரம் பழையதாகவே இருக்கட்டும். மீன்பிடிக் கலம் எதுவும் தன் வாழ்நாளில் பல முறை பலகை மாற்றிக்கொண்டே வந்தது என்பதையும் மறத்தலாகாது. பழைய மரத்தின் இடத்திலே, பழைய அளவில், பழைய முறையிற் புதிய மரத்தை வைப்பதே அக்கலங்களின் வாழ்க்கையாக இருந்தது. வடிவம் தொடர்ந்தது; தொழில் தொடர்ந்தது; அவ்விரண்டும் தொடர்ந்ததனால் கலமும் தொடர்ந்தது.

இதில் நாம் இழக்கவும் பெறவும் கூடிய பொருள் மரமன்று, கைத்திறமையே. போட் ரவுன்சென்டிலே 1977ஆம் ஆண்டு முதல் மரக்கல விழா நடந்து வருகின்றது. அதன் அயலிலே மரக்கலம் செய்யக் கற்பிக்கும் பள்ளி ஒன்றும் உண்டு. அதனாலேயே, மூழ்கி எழுந்த ஒரு கலத்தைப் பார்த்து, இதனைச் செய்யலாம் என்று கூற அங்கே ஆட்கள் இருந்தனர். நம் நாட்டின் வடகரையிலும் அத்தகைய கைகள் இருந்தன. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் அத்திலாந்திக் கடலையும் கடந்து, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மீன்பிடித் துறையாகிய குளொஸ்ரரை அடைந்த செய்தியை நம்மவர் பெருமையோடு கூறுவர். இன்று நம் சிறு மீன்பிடி வள்ளங்களிற் பெரும்பாலானவை கண்ணாடி நாராலானவை. அவை உக்குவதில்லை, பாரமும் குறைவு. மீனவர் அவற்றை விரும்புவதிற் குறை காண்பதற்கில்லை. ஆயினும் வாய்ச்சியைப் பிடிக்கவும், கலப்பத்து அடிக்கும் ஒலியை அறியவும் தெரிந்த ஒரு முதியவர் எங்கேனும் இருப்பாராயின், ஒரு பழைய கலத்தையாவது அவர் கையாலே திருத்துவித்து, அருகிலே இரண்டு இளைஞரை நிறுத்தி வைப்பது நன்று. பலகை உக்கினால் வேறு பலகை அறுக்கலாம். அளவறிந்த கை மறைந்துவிட்டால், அதற்கு மாதிரியாக வைத்து அறுப்பதற்கு ஒன்றும் எஞ்சாது.